தண்ணி வருது

சார், முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ரூம் ஏசி ஃபில்டரைக் கழட்டி ஒரு தடவை கழுவிடுங்க. காத்து வர்ற சத்தத்துலயே தெரியுது, தூசி அடைச்சுக் கிடக்கு. மெக்கானிக்கைக் கூப்பிட்டா கேஸ் தீந்துபோச்சும்பான், நம்பாதீங்க. கேஸெல்லாம் இருக்கு. மூச்சு விட முடியாமத் தவிக்குது, அவ்வளவுதான்.

சரி, படகுக்கு வர்றேன். நான் கொஞ்சம் வேகமாப் பேசுவேன், எழுதறவருக்குக் கை வலிச்சா சொல்லுங்க, நிறுத்திக்கறேன். எங்க அக்கா என்னை வண்டுனுதான் கூப்பிடுவா. ஒரு இடத்துல உக்கார மாட்டேன், வாயும் மூடாது, அதனால வண்டு.

படகு ஏசி வீட்டு ஏசி மாதிரி இல்ல. வீட்டு ஏசி ரூம்ல இருக்கற சூட்டை எடுத்து வெளிக்காத்துல விடும். படகு ஏசி அதைத் தண்ணில விடும். படகோட அடியில ஒரு ஓட்டை இருக்கும், அதுல ஒரு வால்வு. வால்வைத் திறந்தா வெளித் தண்ணி உள்ள வந்து, சல்லடை டப்பா வழியா பம்புக்குப் போகும். பம்பு அதை ஏசிக்குத் தள்ளும். தண்ணி ஏசியோட சூட்டை வாங்கிக்கிட்டு, பக்கவாட்டுல ஒரு குழாய் வழியா வெளிய ஊத்தும். விரல் தண்டிக்கு விடாம ஊத்தினா எல்லாம் நல்லா இருக்குனு அர்த்தம். ஊத்தலைன்னா கொஞ்ச நேரத்துல திரையில எச்.பி.னு ரெண்டு எழுத்து வரும், மெஷின் தானா நின்னுடும். ஆளாளுக்கு ஏசி போச்சுனு தலையில கை வைப்பாங்க. ஏசிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. தண்ணி வராது, அதான் வியாதி. எனக்கு உசுருக்கு உசுரான வேலை சார் இது. கண்ணை மூடிக்கிட்டு ஹோஸைத் தடவினாலே எங்க அடைப்பு, எங்க காத்துனு சொல்லிடுவேன்.

அக்கா படகுத்துறையில தையல் கடை வச்சிருந்தா. துணிமணி இல்ல, படகுக்கு மெத்தை உறை, திரை, வெயில் மறைப்பு, இந்த மாதிரி. கடைக்கு மேல ஒரு ரூம், அதுலதான் நானும் அவளும். எங்களுக்கு வேற யாரும் இல்ல. என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்தது அவ, காய்ச்சல்னா மடியில போட்டுக்கிட்டது அவ, ஏசி வேலை படிக்கறேன்னப்ப தைக்கற மெஷினை மிதிச்சுக்கிட்டே சரி போடானு சொன்னது அவ. எப்பவும் வாயில குண்டூசியைக் கடிச்சுக்கிட்டேதான் பேசுவா. மத்தவங்களுக்கு ஒண்ணும் புரியாது. எனக்கு மட்டும் புரியும்.

மாமா மெத்தை உறை தைக்கணும்னு வந்தவர்தான். பழைய படகு ஒண்ணு வாங்கித் தானே பெயின்ட் அடிச்சு, ஆளுங்களைச் சுத்திக் காட்டற தொழில் பண்ணிக்கிட்டு இருந்தார். நல்ல மனுஷன். இதை எழுதிக்கோங்க, நான் எங்கயும் மாத்திச் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் படகுலயே இருந்தாங்க. துறையிலதான் கட்டியிருந்துச்சு, கடையில இருந்து கூப்பிடு தூரம். எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல.

முதல் தடவை ஏசி நின்னது நெஜமான கோளாறு. அதுல என் கை இல்ல. படகு அலையில ஆடினப்ப பம்புக்குள்ள காத்து புகுந்துடுச்சு. காத்து மாட்டிக்கிட்டா பம்பு சும்மா சுத்தும், தண்ணியைத் தள்ளாது. நான் தரைப்பலகையைத் தூக்கி, பம்புக்கு மேல ஹோஸோட கிளிப்பை லேசாத் தளர்த்தி, காத்தை வெளிய விட்டேன். அக்கா படகோட ஓரத்துல குப்புறப் படுத்து அந்தக் குழாயையே பாத்துக்கிட்டு இருந்தா.

"வருதாக்கா?"

"இல்ல."

"இப்ப?"

"எச்சில் துப்பற மாதிரி துப்புது. இரு, இரு. வருதுடா வண்டு. தண்ணி வருது, தண்ணி வருது."

மாமா ஓடி வந்து எட்டிப் பாத்துட்டு, "என்னமோ ஆத்துல அணை உடைஞ்ச மாதிரி கத்தறா. வரட்டும், வரட்டும்"னு சிரிச்சார்.

அன்னில இருந்து அது எங்க வீட்டுப் பேச்சாயிடுச்சு. அக்கா போன் பண்ணினா சாப்பிட்டியானு கேக்க மாட்டா. "என்னடா, தண்ணி வருதா?"ம்பா. "வருதுக்கா"ம்பேன். எல்லாம் நல்லா இருக்குனு அர்த்தம். ஒரு தடவை எனக்கு வயித்தால போச்சு, "தண்ணி நிக்கவே இல்லக்கா"ன்னேன், போன்ல அப்படிச் சிரிச்சா. மாமா படகை விட்டு இறங்கறப்ப அவ உள்ள இருந்து தண்ணி வருதுனு குரல் குடுப்பா, அவர் வரட்டும்னுட்டுப் போவார். போயிட்டு வா, வர்றேன் மாதிரி.

அப்புறம் ஒரு நாள் கடையில அக்கா குண்டூசியை வாயில வச்சுக்கிட்டே சொன்னா, "நாங்க கிளம்பறோம்டா"னு. கடலோரமாவே போனா பெரிய துறை ஒண்ணு இருக்காம், அங்க கூட்டம் ஜாஸ்தி, மாமாவுக்கு நல்ல தொழிலாம். கடையை என்ன பண்றதுன்னு கேட்டேன். கைமெஷினைப் படகுலயே வச்சுக்குவேன்னா. நான் என்ன பண்றதுன்னு கேக்கல. அவளா சொல்லுவானு பாத்தேன். "நீ பெரிய ஆளாயிட்டே, உனக்கென்ன"னு சொல்லிட்டு நூலைப் பல்லால கடிச்சு அத்துட்டா.

எனக்கு மாமாவைப் பத்தி ஒண்ணு தெரியும். ஏசி ஓடாம அவர் கிளம்ப மாட்டார். அந்தப் படகோட கேபின் வெயில்ல அடுப்பு மாதிரி கொதிக்கும். அக்காவுக்கு வெக்கையில தலைவலி வந்தா சுருண்டு படுத்துடுவா. இவளை இந்தத் தகர டப்பாவுக்குள்ள வேக வச்சுக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு அவர் எல்லார்கிட்டயும் சொல்லுவார். அவ்வளவு பாசம். அந்தப் பாசத்தைத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன்.

முதல்ல வால்வைப் பாதி மூடி வச்சேன். அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல சார், பாதி தண்ணி போகும், உச்சி வெயில் நேரத்துல மட்டும் எச்.பி. வரும். கிளம்பற நாளைத் தள்ளிப் போட்டாங்க. என்னைக் கூப்பிட்டாங்க. நான் போய், நாலு இடத்துல தட்டிப் பாத்து, திறந்து விட்டேன். அக்கா சோறு போட்டா. மாமா, "மச்சான் இல்லைன்னா நாங்க என்ன பண்ணுவோம்"னார். அந்த வார்த்தை எனக்கு நல்லா இருந்துச்சு.

அப்புறம் சல்லடையில பிளாஸ்டிக் கவர் துண்டு ஒண்ணு போட்டேன். அதுக்கும் அப்புறம் ஒரு நல்ல வேலை பண்ணேன், இது யாருக்கும் சட்டுனு பிடிபடாது. ஹோஸ் வால்வுல இருந்து ஏசி வரைக்கும் மேல ஏறிக்கிட்டே போகணும், நடுவுல மேடு விழக் கூடாது. மேடு விழுந்தா அந்த இடத்துல காத்து வந்து உக்காந்துக்கும். நான் ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு ஹோஸைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினேன். பாத்தா ஒழுங்குக்குக் கட்டின மாதிரி இருக்கும். ஆனா நாளுக்கு நாள் காத்து சேந்து தண்ணி நின்னுடும். ஒவ்வொரு தடவையும் நான் போய்க் காத்தை எடுத்து விடுவேன், டேகை எடுக்க மாட்டேன்.

இப்படித் திறந்து திறந்து மூடினதுல தண்ணி சொட்டி, பம்புக்குப் பக்கத்துல கரண்ட் வயர் ஜாயின்ட்ல பட்டுச்சு. ட்ரிப்பர் அடிக்கடி விழ ஆரம்பிச்சுது. ட்ரிப்பர் தெரியும்ல சார், கரண்ட் தப்பான வழியில ஒழுகினா கண் சிமிட்டற நேரத்துல விழுந்து ஆளைக் காப்பாத்தும். மாமா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடறேன்னார். எலக்ட்ரீஷியன் பலகையைத் தூக்கினா என் கைவேலை எல்லாம் பாத்துடுவான். நானே முடிச்சுடறேன் மாமானு சொல்லி, ட்ரிப்பரை விட்டுட்டு லைனை நேராக் குடுத்துட்டேன். விழறது நின்னுடுச்சு. மாமா என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

தப்புதான். அதை அப்புறம் மாத்திடலாம்னு இருந்தேன்.

அக்காதான் ஒரு நாள், "எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடு"ன்னா. "நீ இல்லாத ஊர்ல நின்னு போச்சுன்னா யாரைக் கூப்பிடறது?" நான் சொல்லிக் குடுத்தேன் சார். அதுல ஒளிவு மறைவு இல்ல. பலகையைத் தூக்கி, இது வால்வு, இது சல்லடை, இது பம்புனு ஒவ்வொண்ணா. வால்வோட பித்தளைக் கைப்பிடி ஹோஸுக்கு நேரா இருந்தா திறந்திருக்கு, குறுக்க இருந்தா மூடியிருக்கு. எங்கயாவது ஒழுகினா முதல்ல இதைக் குறுக்கத் திருப்பு, அப்புறம்தான் மத்ததுனு சொன்னேன். அவ கண்ணை மூடிக்கிட்டுத் திருப்பிப் பழகினா. தையக்காரி இல்லையா, கைக்கு எல்லாம் சீக்கிரம் வந்துடும்.

ஹோஸைத் தடவிக்கிட்டே போனவ அந்த மேட்டுல நின்னுட்டா.

"யாருடா இப்படிக் கூன் விழுந்த மாதிரி தூக்கிக் கட்டினது? காத்து வந்து குந்திக்காதா?"

"மாமாவா இருக்கும்."

"உங்க மாமாவா? அந்த மனுஷனுக்கு பைஜாமா நாடாவே நான்தான் முடிச்சுப் போடணும்."

குண்டூசியால பூட்டை நெம்பி அந்த டேகை முழுசாக் கழட்டி எடுத்தா. தூக்கிப் போடல. என் சட்டைப் பையில வச்சு, பையை ரெண்டு தடவை தட்டினா. "யாரும் யாரையும் விட்டுட்டுப் போகலடா வண்டு. படகு போற ஊருக்கு பஸ்ஸும் போகுது."

அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு இப்பத் தோணுது. தெரிஞ்சும் என்னைத் திட்டல, மாமாகிட்டயும் சொல்லல. ஒரு அறை விட்டிருக்கலாம். நான் அங்கயே நிறுத்தியிருப்பேன். அந்த விஷயத்துல அவ பண்ணினது சரியில்லைனு நான் நினைக்கறேன்.

அவளே எல்லாம் பாத்துக்க ஆரம்பிச்சதும் ஏசி நிக்கவே இல்ல. மறுபடியும் நாள் குறிச்சாங்க. கிளம்பறதுக்கு முந்தின நாள் காலையில, கடைசியா ஒரு தடவை எல்லாத்தையும் செக் பண்ணிடறேன்னு போனேன். அக்கா என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பாத்தா. டீ போட அந்தப் பக்கம் போனா.

நான் வால்வுக்கும் சல்லடைக்கும் நடுவுல இருக்கற ஹோஸோட கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை நுனி வரைக்கும் இழுத்து வச்சேன். பம்போட அதிர்வுல தானாக் கழண்டுக்கும். கழண்டா வெளித் தண்ணி நேரா உள்ள வரும். முழுகிடும்னு நினைக்காதீங்க, அவ்வளவு வேகம் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா ஏறும். என் கணக்கு என்னன்னா, தரைக்கு மேல தண்ணி வர்றதை அக்கா ஒரு தடவை கண்ணால பாக்கணும். காலு நனையணும். பயப்படணும். நான் ஓடிப்போய் நிறுத்தணும். அதுக்கப்புறம் மாமாவே கெஞ்சினாலும் அவ அந்தப் படகுல கடலுக்குப் போக மாட்டா. இதுல யாருக்கு என்ன கஷ்டம்?

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. படகுக்கு அடியில தண்ணி சேந்தா வெளிய தள்ளறதுக்கு இன்னொரு குட்டி பம்பு இருக்கும். தண்ணி ஏறினா ஒரு மிதவை மேல வரும், உடனே அது ஓடும். அந்த மிதவையை எழும்பாமக் கட்டிட்டேன். எங்கிட்ட டேக் ஒண்ணு இருந்துச்சு.

டீயைக் குடிச்சேன். அக்கா, "பாத்துட்டியா, எல்லாம் சரியா இருக்கா?"ன்னா. சரியா இருக்குக்கானு சொன்னேன். துறை வாசல்ல ஒரு டீக்கடை இருக்கு, அங்க வந்து உக்காந்துக்கிட்டேன். அங்க இருந்து பாத்தா படகோட கூரை தெரியும்.

மாமா சொன்னதை வச்சுச் சொல்றேன். அவர் டீசல் வாங்கக் கேனை எடுத்துக்கிட்டுப் படகை விட்டு இறங்கியிருக்கார். உள்ள இருந்து அக்கா, "ஏங்க, தண்ணி வருது"னு கத்தியிருக்கா. இவர் திரும்பிக்கூடப் பாக்காம, "வரட்டும், வரட்டும்"னுட்டுப் போயிட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அந்த வார்த்தைக்கு எங்க வீட்டுல அதான் பதில். அவர் கேனை ஆட்டிக்கிட்டுப் போறதை நானும் பாத்தேன். போனைப் படகுலயே வச்சுட்டுப் போயிருந்தார்.

அப்புறம் அக்கா எனக்குப் போன் பண்ணா.

"வண்டு, தண்ணி வருதுடா."

"வருதா? நல்லதுதானே."

"விளையாடாதடா. உள்ள வருது. பலகையைத் தூக்கிப் பாத்தேன், அடியில ஏறிக்கிட்டு வருது. நான் வால்வை மூடிடவா?"

குரல்ல பயமே இல்ல சார். அதான் எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. நான் சொல்லிக் குடுத்ததை அப்படியே ஞாபகம் வச்சிருக்கா. அப்ப தண்ணி வயர் ஜாயின்ட் வரைக்கும் ஏறியிருக்காது. குனிஞ்சு அந்தக் கைப்பிடியைக் குறுக்கத் திருப்பியிருந்தா நின்னிருக்கும். நின்னிருந்தா அவளுக்கு இன்னும் தைரியம் வந்திருக்கும். ஹோஸை மாட்டிட்டு, நானே சரி பண்ணிட்டேன்னு மாமாகிட்டப் பீத்திக்குவா. மறுநாள் கிளம்பிடுவாங்க.

"எதையும் தொடாத. நான் வர்றேன், அங்கயே இரு"னு சொன்னேன்.

தண்ணி இருக்கற இடத்துல கரண்ட் இருந்தா எதையும் தொடாதேனுதான் எந்த மெக்கானிக்கும் சொல்லுவான். நீங்க வேற யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. நான் சொன்னது சரியான வார்த்தைதான்.

அதுக்கப்புறம் நான் எழுந்திருக்கல. உடனே போனா பயப்பட நேரம் இருக்காது இல்லையா. இன்னொரு டீ சொன்னேன். அது சூடா இருந்துச்சு, ஆத்தி ஆத்திக் குடிச்சேன். அவ மறுபடியும் கூப்பிட்டா. போன் மேசையில நடுங்கிக்கிட்டே ஒரு பக்கமா நகந்துச்சு, நான் அதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். எடுத்தா மனசு இளகிடும்னு தெரியும். நின்னுடுச்சு.

நான் போனப்ப கேபின்ல கணுக்கால் அளவுக்குத் தண்ணி. முதல்ல வெளிய இருந்தே ஏசி திரையைத்தான் பாத்தேன், பழக்கம். எச்.பி.னு இருந்துச்சு. தண்ணி அதுக்கு மேல ஏறல, அப்படின்னா வால்வு மூடியிருக்குனு புரிஞ்சுது. துறையில மெயினை ஆஃப் பண்ணிட்டு உள்ள வந்தேன். அக்கா குனிஞ்ச வாக்குல கிடந்தா. கைப்பிடி சரியாக் குறுக்க இருந்துச்சு, கொஞ்சம்கூடக் கோணல் இல்ல. அவ விரல் அதுலயே இருந்துச்சு. ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்தேன்.

தூக்கி மெத்தையில போட்டு நெஞ்சை அமுக்கிப் பாத்தேன். வாயில வாய் வச்சு ஊதினேன். உதட்டோரத்துல ஒரு குண்டூசி இருந்துச்சு, எடுத்து என் காலர்ல குத்திக்கிட்டேன். எவ்வளவு நேரம் ஊதினேன்னு தெரியாது. வரல.

அப்புறம் ஹோஸை மாட்டி கிளிப்பை முறுக்கினேன். மிதவையை அவுத்து விட்டேன். ட்ரிப்பர் வயரைப் பழையபடி மாத்தினேன். மாமா வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சு. பழகின வேலை. அப்பதான் அவளோட கால் ரெண்டும் வெளிய தொங்கிக்கிட்டு இருக்கறதைப் பாத்தேன். தூக்கி மெத்தை மேல வச்சு, ஈரத்தைத் துடைச்சு விட்டேன். அந்த உறையும் அவ தைச்சதுதான், ஈரம் பட்டா சாயம் போயிடும்னு எப்பவும் சொல்லுவா.

எல்லாரும் விபத்துனு சொன்னாங்க. நானும் ஆமானு சொன்னேன். மாமா மட்டும் ஒத்துக்கல. அவர் இப்ப அக்கா கடையிலதான் இருக்கார். பாதி தைச்ச திரையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார், சாப்பிடறது இல்ல. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் ஒண்ணையே சொல்றார். "அவ என்னைக் கூப்பிட்டாய்யா. கடைசியா என்னைத்தான் கூப்பிட்டா. நான் வரட்டும்னு சொன்னேன். நான்தான் கொன்னேன்." என்னைப் பாத்தா கையைப் பிடிச்சுக்கறார். "மச்சான், உங்க அக்கா என் பேரைச் சொல்லிக்கிட்டேதான் போயிருப்பா"னு அழறார். முந்தாநாள் ஸ்டேஷனுக்கு வந்து உங்ககிட்ட எழுதியும் குடுத்துட்டார், எல்லாம் தன்னாலதான்னு.

நான் வந்ததுக்குக் காரணம் அவர்தான் சார். பாவம், நல்ல மனுஷன். செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லி வாழ்க்கையைக் கெடுத்துக்கறதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. கிளிப்பைத் தளர்த்தினது நான், மிதவையைக் கட்டினது நான், ட்ரிப்பரை விட்டுட்டு லைன் குடுத்தது நான், தொடாதேனு சொன்னது நான். எங்க அக்காவைக் கொன்னது நான்தான். கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க, போடறேன்.

ஆனா அவர் எழுதிக் குடுத்ததுல ஒரு வரி தப்பா இருக்கு, அதை மட்டும் அடிச்சுடுங்க. அக்கா கடைசியாக் கூப்பிட்டது அவரை இல்ல. வேணும்னா அவ போனை எடுத்துப் பாருங்க. அவர் போனதுக்கு அப்புறம் ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கா, ரெண்டும் எனக்குத்தான். ரெண்டாவது தடவை நான் எடுக்கல. ஆனாலும் அவ கூப்பிட்டது என்னைத்தான் சார், அதைத் தெளிவா எழுதுங்க.